2005ஐக் காட்டி வாயை அடைப்பது

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில், பிள்ளைகளின் மனநலத்துக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் மறுப்பு ஆயத்தமாக இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார்கள். பிள்ளைகளை வட்டமாக இருத்திப் படம் கீறச் சொன்னார்கள், கைதட்டிப் பாடச் சொன்னார்கள், போட்டோ எடுத்தார்கள், திட்டம் முடிந்ததும் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதனால் யாருக்கு என்ன கண்டது? எங்கள் பிள்ளைகளுக்கு உம்மா வாப்பா இருக்கிறார்கள், குடும்பம் இருக்கிறது, ஈமான் இருக்கிறது, அது போதும். பள்ளிவாசல் நிருவாகியும் இதைச் சொல்கிறார், ஓய்வுபெற்ற அதிபரும் சொல்கிறார், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பட்டதாரியும் கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொல்கிறார். இருபது ஆண்டில் இது ஊரறிந்த அனுபவமாகவே ஆகிவிட்டது. எதிர்த்துப் பேசுபவர் என்.ஜி.ஓ. ஆள் என்று பெயர் வாங்குவார். இந்த வாதத்தின் முதற்பாதி பெரும்பாலும் உண்மை. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பிழை. அந்தப் பிழைக்கு விலை கொடுப்பவர்களோ இந்த விவாதத்தில் வாய்திறக்க முடியாத வயதில் இருக்கிறார்கள்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம், அரைகுறையாக அல்ல. 2004 டிசெம்பர் 26 காலை கடல் எடுத்த உயிர்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டின. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு இழக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடற்கரைப் பக்கம் தரைமட்டமானது. அடுத்த ஆண்டு முழுவதும் வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் அலையலையாக வந்தார்கள். தமிழும் சிங்களமும் தெரியாமல், ஊரும் மார்க்கமும் தெரியாமல், கையில் கேள்விக்கொத்தோடு வந்தவர்கள் பலர். ஏதன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2010இல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயமே இதைப் பற்றியது. பிழைத்தவர்களின் அனுபவத்தை வெறும் மனவடுவாகச் சுருக்காதீர்கள் என்று கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அப்போதே எழுதிக் கேட்டுக்கொண்டதும் அதில் வருகிறது. நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்துவிட்டால் பின்னால் நோய் வராது என்ற நம்பிக்கையில் நடத்தப்பட்ட அமர்வுகளுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. கொக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, அவை மனவடுவைத் தடுப்பதில்லை என்று 2002இலேயே, அதாவது கடல் வருவதற்கு முன்பே, சொல்லியிருந்தது. இந்தக் குளறுபடிகளெல்லாம் கண்கூடானதால்தான் 2007இல் ஐ.நா. அமைப்புகளும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் கூடி, அனர்த்த காலத்தில் உளசமூகப் பணி எப்படி நடக்க வேண்டும் என்று வழிகாட்டி நெறி எழுதின. அந்த ஆண்டுகளின் தொண்டு நிறுவன அறிக்கை எதைப் புரட்டினாலும் அது ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும்: சவால்கள் நிறைந்த ஆண்டு, ஆயினும் வளர்ச்சி கண்ட ஆண்டு. வளர்ச்சி என்பது தலைக்கணக்கு. எத்தனை பிள்ளைகளை எட்டினோம், எத்தனை செயலமர்வு நடத்தினோம், எத்தனை முகாமுக்குப் போனோம் என்பதற்கு எண் இருக்கும். அதே பிள்ளை இரண்டாம் முறை வந்ததா என்பதற்கு எண் இருக்காது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும், 'ஒன்றும் மிஞ்சவில்லை' என்ற பேச்சு நிற்காது. இலங்கை அரசு தன் மனநலக் கொள்கையை 2005இல்தான் ஏற்றுக்கொண்டது. கொழும்பைச் சுற்றிய பெரிய வைத்தியசாலைகளில் குவிந்து கிடந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரப்புவது அதன் நோக்கம். அதற்கான உந்துதலும் பணமும் சுனாமியால் வந்தவை. சுனாமிக்கு முன் நாட்டின் 27 சுகாதார மாவட்டங்களில் பத்தில் மட்டுமே மனநல சேவைக்கான அடித்தளம் இருந்தது. 2013இல் அது இருபதாகியிருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குக் காட்டுகிறது. மனநலத்துக்கென்று பயிற்றப்பட்ட வைத்திய உத்தியோகத்தர்கள் மாவட்ட மட்டத்தில் வேலை செய்யத் தொடங்கினார்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் என்றொரு பதவி இருப்பது இன்று யாருக்கும் புதினமாகத் தெரிவதில்லை. ஆக, 2005 விட்டுச் சென்றவற்றில் சில நின்றன, சில போயின. நின்றவை சம்பளப் பட்டியலில் ஏறியவை. போனவை, பன்னிரண்டு மாதத் திட்டப் பணத்தில் தொங்கியவை. அந்த ஆண்டு கற்றுத்தந்த பாடம் ஏதாவது உண்டென்றால் அது ஆட்களை எப்படி நிலையாக வைத்திருப்பது என்பதைப் பற்றியது. பிள்ளைகளுக்கு உதவி தேவையா என்ற கேள்விக்கு அந்த ஆண்டு பாதகமாகப் பதில் சொன்னதாகக் காட்டுவது, மருந்துக்கடை பூட்டிக் கிடந்ததால் காய்ச்சலே இல்லை என்று சாதிப்பதற்குச் சமன்.

இனி இந்த வாதத்தின் நடுத்தூணான குடும்பத்துக்கு வருவோம். இதில்தான் உணர்ச்சி அதிகம், ஆதாரம் குறைவு. சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோரத்தில் பதின்மூன்று இடம்பெயர்ந்தோர் முகாம்களில் ஜப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் வீடுவீடாக விசாரித்து, யார் இறந்தார்கள் என்று கணக்கெடுத்து 2006இல் வெளியிட்டார்கள். விசாரித்த குடும்பங்களில் ஆண்களில் 8.2 வீதமானோர் இறந்திருந்தார்கள், பெண்களில் 17.5 வீதம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.8 வீதம். இந்த எண்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க வேண்டும். உயிர் தப்பிய பிள்ளை யாரை இழந்திருந்தது? பெரும்பாலும் தன் உம்மாவை, தனக்கு இளையதை. ஞாயிறு காலை என்பதால் பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். வீடு கடற்கரையில் இருந்தது. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும்போது நாம் மனதில் வைத்திருக்கும் ஆள் உம்மாதான். அந்த ஆளையே கடல் கொண்டுபோன ஊரில் அந்த வசனத்துக்கு என்ன பொருள்?

எங்கள் கரையின் குடும்ப அமைப்பு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. இங்கே சீதனமாக வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். குடி தாய்வழியில் எண்ணப்படுகிறது. அக்கரைப்பற்றைப் பல தசாப்தங்கள் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நடைமுறையில் இதன் பொருள், உம்மாவின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் சாச்சி, அதற்கடுத்து பெரியும்மா, ஒரு வேலிக்கு அப்பால் உம்மம்மா. பிள்ளை வளர்ப்பதில் இதைப் போல நல்ல ஏற்பாடு வேறில்லை என்று நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் கடற்கரையில் அடுத்தடுத்திருந்த அந்த வளவுகளை ஒரே அலை எடுத்தபோது, உம்மாவுக்குப் பதிலாக நிற்க வேண்டியவர்களையும் சேர்த்தே எடுத்தது. தப்பியவர்கள் கிடைத்த இடத்தில் குடியேற்றப்பட்டார்கள். கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்று அறிவிக்கப்பட்ட கரையோரத் தடை வலயம் பல சீதன வீடுகளை ஒரு கையெழுத்தில் இல்லாமல் ஆக்கியது. சவூதி அரேபிய உதவியில் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள், 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் பற்றை மூடிக் கிடந்தன. வீடில்லாமல் போனது சுவரும் கூரையும் இழந்த கதை மட்டும் என்று நினைப்பவர், அந்த வீட்டை ஒட்டித்தான் ஒரு பெண்பிள்ளையின் நாளைய வாழ்வே கணக்கிடப்பட்டிருந்தது என்பதை மறக்கிறார். யாழ்ப்பாணத்து உளநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போருக்கும் சுனாமிக்கும் பிந்திய வடபகுதியைப் பற்றி எழுதும்போது கூட்டு மனவடு என்ற கருத்தை முன்வைத்தார். தனி ஆள் மட்டுமல்ல, அவரைத் தாங்க வேண்டிய குடும்பமும் ஊருமே காயப்பட்டிருக்கின்றன என்பது அதன் சாரம். அவர் எழுதியது வடக்கைப் பற்றி. கல்முனைக்குப் பொருந்தாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கொஞ்சம் படித்த மறுப்பாளர் இந்த இடத்தில் கைத்ரி பெர்ணான்டோவைத் துணைக்கு அழைப்பார். இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் இந்த உளவியலாளர், இலங்கை மக்கள் தங்கள் துன்பத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று அவர்களுடைய கதைகளிலிருந்தே சேகரித்து ஆராய்ந்தார். மேற்கத்தியக் கேள்விக்கொத்து தேடும் தலைக்குள் நடக்கும் அறிகுறிகளை விட, உறவில் தன் இடத்தை இழந்ததையே மக்கள் துன்பமாகச் சொன்னார்கள் என்பது அவர் கண்டது. பார்த்தீர்களா, இவர்களுடைய நோய்ப்பெயர் நமக்குப் பொருந்தாது, ஆகவே இவர்கள் வேண்டாம் என்று ஆய்வை அவசரமாக மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் ஆய்வு எதிர்ப்பக்கம் சாய்கிறது. உறவில் இடம் இழப்பதுதான் இங்கே துன்பத்தின் வடிவம் என்றால், உம்மா இல்லாமல் மாமியின் வீட்டு மூலையில் வளரும் பிள்ளை, வாப்பா மறுமணம் செய்தபின் இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளை, இவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்கக் கேள்விக்கொத்து போதாது என்பது சரி. உறவினர் கூட்டமும் போதாது. ஏனென்றால் அந்தப் பிள்ளையின் இடத்தை ஒதுக்கியது அந்தக் கூட்டம்தான். ஊரை அறிந்த, ஆனால் அந்தக் குடும்பத்தின் சண்டையில் கட்சி இல்லாத ஒரு பெரியவர் வேண்டும். அப்படி ஒருவரைப் பயிற்றிச் சம்பளம் கொடுத்து ஒரே இடத்தில் பத்தாண்டு வைத்திருப்பதற்குப் பெயர்தான் மனநல அமைப்பு.

சுனாமிப் பிள்ளைகள் வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டார்கள், இன்னும் ஏன் அந்தப் பேச்சு என்பாரும் உண்டு. பின்னால் வந்தவற்றை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் வெடிப்பிலும் பதினைந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் சிறுவர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்ட வீடுகளின் பிள்ளைகள் அடுத்த மாதம் பைகளைத் திறந்து காட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனார்கள். 2020 முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. வீட்டில் பெரியவர்கள் வாய்விட்டு அழவும் முடியாமல் கோபப்படவும் பயந்து இருந்த அந்த மாதங்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2022 நெருக்கடியில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போவதற்கு 2013இலிருந்து இருந்த கட்டுப்பாட்டை அரசு தளர்த்தி, வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. 2024 நவம்பர் 26இல் நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் கவிழ்ந்து பிள்ளைகள் பறிபோனார்கள்; தப்பியவர்களும் அதே வகுப்பில் ஓதிய பிள்ளைகள்தான். இவற்றுக்கிடையில் ஆண்டுதோறும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் முடிவு வரும். சந்திக்குச் சந்தி சித்தியடைந்தவர்களின் படத்தோடு பனர் தொங்கும். படத்தில் இல்லாத பத்து வயதுப் பிள்ளை அதைக் கடந்து நடப்பதைப் பற்றி யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

சரி, செய்து காட்டியவர் யாராவது உண்டா? உண்டு, பக்கத்து மாவட்டத்திலேயே. 1996இல், போர் நடந்துகொண்டிருந்த மட்டக்களப்பில், கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். காலத்தைக் கவனிக்க வேண்டும். காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் 1990 ஓகஸ்டில் நடந்த படுகொலைகளுக்கும், அதே ஆண்டு செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்களுக்கு நடந்ததற்கும் ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த நிலையில் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி ஒரே தோட்டத்தில் இறக்கினார்கள். அவர்களோடு நாள் முழுவதும் இருந்தவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்ல. போரின் நடுவே வளர்ந்து, தோட்டத்திலேயே பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் யுவதிகள். களிமண், வர்ணம், கதை, நாடகம், மரம், பிராணிகள் இவற்றோடு நாள் போகும். நடந்ததைச் சொல் என்று எந்தப் பிள்ளையையும் யாரும் நெருக்கவில்லை. சொல்ல வந்தால் கேட்க ஆள் இருந்தது. ஒரு தொகுதிக்கு ஐம்பதளவு பிள்ளைகள், வாரத்தில் ஒரு நாள், ஒன்பது மாதமளவு. 2005ஆம் ஆண்டின் அறிக்கை மொழியில் பார்த்தால் இது வெட்கப்பட வேண்டிய எண்ணிக்கை. ஆயிரக்கணக்கில் எட்டியவர்களின் பெயர் இன்று எங்கள் ஊர்களில் ஒருவருக்கும் நினைவில்லை. ஐம்பது ஐம்பதாக எடுத்த பூங்காவோ பிள்ளைகளின் உளநலப் பணியைப் பற்றிய எழுத்துகளில் இன்றும் பேசப்படுகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பூங்காவும் வெளிநாட்டுப் பணத்தில்தான் நடந்தது, தொடங்கியவர்களில் ஒருவர் வெளிநாட்டவர். ஆகவே வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று கெட்டுவிடுவதில்லை. எவ்வளவு காலம் தங்கியது, யாரை வேலைக்கு வைத்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவருக்கு நேர்மையான பதில், கலவையாகச் சொல்கின்றன என்பதே. யாழ்ப்பாணத்தில் 399 பாடசாலைப் பிள்ளைகளை வைத்து நடத்தி 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், எழுதி வைத்த பதினைந்து அமர்வுத் திட்டம் ஒரு குழுவுக்குக் கொடுக்கப்பட்டது, மறு குழு காத்திருந்தது. முதன்மையாக எதிர்பார்த்த பலன்களில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆண்பிள்ளைகளிடமும் இளையவர்களிடமும் சில அம்சங்களில் முன்னேற்றம் இருந்தது. பெண்பிள்ளைகளிடமோ மனவடு அறிகுறிகள் குறைவது, ஒன்றும் பெறாமல் காத்திருந்தவர்களைவிடத் தாமதமாகவே இருந்தது. மறுப்பாளருக்கு இது கரும்பு. ஆனால் அந்த ஆய்வு போர் இன்னும் நடந்துகொண்டிருந்த மண்ணில் நடந்தது. அன்றாட நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே திட்டம் கூடுதலாக உதவியது. வீட்டில் பயம் தொடரும்போது வகுப்பறையில் ஐந்து வாரம் விளையாடவைத்துப் பெரிய பலன் இல்லை என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் அறிவு. இன்னோர் ஆய்வு, 2009இல் வெளியானது, சுனாமியிலும் போரிலும் அடிபட்ட வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேரை எடுத்துக்கொண்டது. சிலருக்கு நடந்ததைக் கோவையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை, சிலருக்குத் தியானமும் உடல் தளர்த்தலும், இரண்டும் ஆறு ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்து முதற் குழுவில் 81 வீதமானோரும் மற்றதில் 71 வீதமானோரும் மீண்டிருந்தார்கள். ஆய்வு சிறியது, சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. அதனால் இதை வைத்துக் கொடி ஏற்ற முடியாது. இருந்தாலும் அரும்பெரும் நுட்பம் இல்லாமலே பிள்ளைகளுக்கு உதவ முடியும் என்ற பக்கத்துக்கு இது கை காட்டுகிறது. தெரிந்த பிள்ளையைப் பொருத்தமான ஒருவர் ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் சந்திப்பது பலன் தருகிறது; எல்லோருக்கும் ஒரே பொதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவது தருவதில்லை.

அடுத்தது ஈமான். இதைத் தொடத் தயங்குகிறவர்கள் அதிகம், தயங்க ஒன்றுமில்லை. கவலைப்படுவதும் மனம் உடைவதும் ஈமான் குறைந்ததன் அடையாளம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, மார்க்கத்திலிருந்து வரவில்லை. கதீஜா நாயகியும் அபூதாலிபும் மறைந்த ஆண்டுக்கு இஸ்லாமிய வரலாறு ஆமுல் ஹுஸ்ன், துக்க ஆண்டு, என்றே பெயர் வைத்தது. மகன் இப்ராஹீம் மௌத்தானபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். யூசுப் நபியைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவரைப் பலவீனர் என்று அது சொல்லவில்லை. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் பற்றி ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த சோகத்தையும் காரணம் தெரியாமல் வரும் சோகத்தையும் பிரித்து, இரண்டையும் வேறுவேறாகப் பார்க்க வேண்டும் என்றார். ஐரோப்பா இப்படிப் பிரித்துப் பார்க்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலையில் மனநோயாளருக்குத் தனி இடம் இருந்தது. 1488இல் எடிர்னேயில் இரண்டாம் பாயஸீத் கட்டியதில் அவர்களுக்கு இசையும் நீரோசையும் மருந்தாயின. இப்படியொரு வரலாறு கையில் இருக்கும் சமூகம், மனநலம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பேசுவது விந்தை.

ஓதிப் பார்ப்பதையும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதையும் நான் பழிக்கவில்லை. புள்ள பயந்திருக்கு என்று சொல்லி லெப்பையிடம் கொண்டுபோகும் உம்மா, பிள்ளையிடம் ஏதோ மாறியிருக்கிறது என்று கண்டுகொண்டவர். அந்தக் கவனிப்பு பல படித்த வாப்பாமாரிடம் இல்லை. ஓதியபின் பிள்ளைக்கு ஆறுதல் கிடைத்தால் நல்லது. மூன்று மாதமாகியும் சாப்பாடும் தூக்கமும் திரும்பவில்லை என்றால் அடுத்த கதவைத் தட்ட வேண்டும் என்று லெப்பைக்கே தெரிந்திருப்பதுதான் தேவை. ஓதுபவரைப் போட்டியாளராக நினைக்கும் அமைப்பு இந்தக் கரையில் ஒரு வருடம் தாங்காது. அவரைக் கூட்டாளியாக்கும் அமைப்புக்குப் பிள்ளைகளை அவரே அனுப்புவார்.

மானம் போகும் என்ற ஆட்சேபம் இவை எல்லாவற்றையும் விடக் கனமானது. வாயால் சொல்லப்படாததால் பதில் சொல்வதும் கடினம். மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனதை யாராவது கண்டால் நாளை அந்தப் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் காதில் அது விழும் என்ற பயம் கற்பனையல்ல. சிறிய ஊர், பெரிய காது. ஆனால் இந்தப் பயம் எதை நிரூபிக்கிறது? வைத்தியசாலை வாசல் மட்டும் போதாது என்பதை. கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒன்று தமிழர் பக்கம், மற்றது முஸ்லிம்கள் பக்கம் என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. பிள்ளையை எங்கே கொண்டுபோவது என்பதே முதல் தடையாகும் இடத்தில், மேலும் ஒரு பெயர்ப்பலகை தீர்வாகாது. 1926, 1929 என்று அரசு தொலைபேசி இலக்கங்கள் தந்திருக்கிறது. கைப்பேசி இல்லாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவற்றால் நேரடிப் பயன் குறைவு. அரசு சேவை இருக்கிறதே, பிறகெதற்குத் தனி அமைப்பு என்பவருக்கும் பதில் இங்கேதான். அரசின் மனநலப் பிரிவு நோயைப் பார்க்கிறது. உம்மா ரியாத்துக்குப் போனதிலிருந்து வகுப்பில் வாய்திறக்காத பிள்ளை இன்னும் நோயாளி அல்ல. அதை நோயாளியாகாமல் காப்பது கிளினிக்கின் வேலையும் அல்ல. அந்த இடைவெளியில் பாடசாலைக்குப் பிறகு பிள்ளைகள் வந்துபோகும் ஓர் இடம் வேண்டும். அங்கே வருவது நோயின் அடையாளமாக யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் எல்லா வகைப் பிள்ளைகளும் வருவார்கள்.

கடைசியாகப் பணம். வெளிநாட்டுப் பணம் கணக்குக் காட்டச் சொல்லும், கணக்கு தலையெண்ணிக்கை கேட்கும், தலையெண்ணிக்கை வேலையைக் கெடுக்கும் என்ற விமர்சனத்தை முழுமையாக ஏற்கிறேன். அப்படியானால் நம் பணத்தில் செய்வோம் என்று இந்த விமர்சகர்கள் ஏன் சொல்வதில்லை? கெய்ரோவின் வைத்தியசாலை வக்ஃபு வருமானத்தில் நடந்தது. ஒரு சுல்தானின் ஆயுளோடு முடியாமல் நூற்றாண்டுக்கணக்கில் நின்றதற்குக் காரணம் அதுதான். எங்கள் ஊர்களில் வக்ஃபுக் காணிகளும் கடைகளும் இருக்கின்றன. ரமழானில் ஸகாத் கூட்டாகத் திரட்டப்படுகிறது, வெளிநாட்டில் உழைப்பவர்கள் பள்ளிவாசல் மினாராவுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். ஸகாத்தை இதற்குச் செலவிடலாமா என்பது உலமாக்கள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். சதகாவுக்கும் வக்ஃபுக்கும் அந்தத் தடை இல்லை. தேவைப்படுவதும் பெருந்தொகை அல்ல. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ வேலி போட்ட ஒரு வளவு, இரண்டு மரம், பயிற்சி பெற்ற இரண்டு யுவதிகளுக்கும் ஓர் இளைஞனுக்கும் ஆசிரியருக்குக் குறையாத மாதச் சம்பளம், மாதம் ஒருமுறை வந்து அவர்களோடு இருந்து சிக்கலான பிள்ளைகளைப் பற்றிக் கலந்து பேச ஓர் உளநல வைத்தியர், பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகளும் வந்துபோக ஒரு வேன். அந்த அமைப்பு ஆண்டு முடிவில் தன் சவால்களையும் வளர்ச்சியையும் எழுத உட்கார்ந்தால், ஜமாஅத்தார் அதனிடம் கேட்க வேண்டிய கணக்கு இரண்டுதான்: சென்ற ரமழானில் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த ரமழானிலும் வருகிறார்கள், அன்று வேலைக்கிருந்த மூவரில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்.